வன்னிநாட்டில் கொள்பொருளும் வரியும்

நாடாளும் அரசு எத்தகையதாயினும் அதற்குப் பொருள் வேண்டும். அப்பொருளை அது குடிகளிடமிருந்தே பெறல் வேண்டும். நிலத்தின் விளைவில் ஒரு பங்கைக் கொள்ளுதல் ஒரு முறை. ஆளொன்றுக்கு இவ்வளவெனத் தண்டுதல் மற்றொரு முறை. கைமாறும் பண்டத்தின் விலையில் ஒரு கூறு கொள்ளுதல் மூன்றாவது முறை. முன்னைய இரண்டும் கண்ணுக்குத் தெரிவன. களத்திலே குவித்த நெல்லில் அரசன் பங்கை அளந்து கொடுத்தவன் தான் கொடுத்தது எத்துணை என்பதை நன்கறிவான். மூன்றாவது முறை அத்தகையதன்று. அது விலையினுள்ளே கரந்து நிற்பது. கடையிலே சவர்க்காரம் வாங்கும் ஒருத்தி சவர்க்காரத்துக்கு விலை கொடுத்ததாகவே எண்ணுகின்றாள். அவ்விலையில் எவ்வளவு வணிகனுக்கு, எவ்வளவு அரசுக்கு என்பதை அவள் அறியாள். அறியாது கொடுக்கப்படும் வரியைக் கூட்டுதல் எளிது. அதைக் குறித்து வினாவுவோரும் சிலரே.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பிலே இம்மூன்றாம் முறை எவ்வாறு வந்து நிலைபெற்றது, அதனைக் கணிக்கும் வகை யாது, அவ்வாறு திரண்ட பொருள் எவர் கையைச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

சுங்கமும் விற்பனை வரியும்

பண்டத்தின்மீது வரி கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. உல்கு, சுங்கம், ஆயம் என்னும் சொற்களே அதன் பழமைக்குச் சான்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே ஏற்றுமதிப் பொருள்களுக்கும் இறக்குமதிப் பொருள்களுக்கும் புலிப்பொறி இட்டு உல்கு கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. 1070ஆம் ஆண்டில் அரியணையேறிய முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். ஒரு வரியை நீக்கியமையே ஓர் அரசனுக்கு நிலைத்த புகழாயிற்று எனின், அவ்வரி மக்களை எத்துணை அழுத்தியிருத்தல் வேண்டும் என்பது உய்த்துணரத்தக்கது.

எனினும் சுங்கம் வேறு. விற்பனை வரி வேறு. சுங்கம் பண்டம் ஓர் எல்லையைக் கடக்கும்போது கொள்ளப்படுவது. துறைமுகத்திலோ கணவாயிலோ ஒரு காவலனை நிறுத்தினால் அதனைத் தண்டிவிடலாம். விற்பனை வரி பண்டம் விலைக்குக் கைமாறும் ஒவ்வோரிடத்திலும் கொள்ளப்படுவது. அதற்குக் கடைகள் வேண்டும். கடைகளிலே கணக்குப் புத்தகங்கள் வேண்டும். அப்புத்தகங்களைப் பார்வையிடும் அலுவலர் வேண்டும். ஆதலின் அது பிற்காலத்தே தோன்றியது. வன்னியின் வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது.

திறையும் நெல்வரியும்

வன்னியர் எனப்பட்ட சிற்றரசர் ஆண்ட காலத்தில் பேரரசுக்குரிய பொருள் யானைத் திறையாகச் சென்றது. பனங்காமம், கருநாவற்பற்று, முள்ளியவளை முதலிய பற்றுகளின் தலைவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தருக்கு ஆண்டுதோறும் யானைகளைக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். காட்டிலே பிடிக்கப்பட்ட அவ்யானைகள் குடாநாட்டினுள் நுழைந்த கடவைக்கு ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அக்கடவையிலும் அதனை அடுத்த இடங்களிலும் ஒல்லாந்தர் சிறு கோட்டைகளை அமைத்துப் போக்குவரத்தைக் காவல் செய்தனர். தலைவர்கள் திறையை ஒழுங்காகச் செலுத்தாமை ஒல்லாந்தர்க்கும் வன்னியர்க்குமிடையே நெடுங்காலம் பிணக்கை விளைத்தது. 1782ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடிப்படுத்தினர். பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்து முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு கற்சிலைமடுவிலே தோல்வியுற்றான். அத்துடன் வன்னியர் ஆட்சி முடிவெய்தியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வன்னிக் குடியானவனை நேரே தாக்கியது நெல்வரியாகும். விளைவிற் பத்திலொன்று என்பது அதன் பொது அளவு. பிற்காலத்தில், 1878ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, அது பணமாகச் செலுத்தப்படுமாறு மாற்றப்பட்டது. விளைவிற் பங்கு கொடுக்கும்போது விளையாத ஆண்டிலே வரியும் குறையும். பணமாக வரையறுத்தபின் அவ்விரக்கம் அதனிடத்து இல்லாமற் போயிற்று. மத்திய மலைநாட்டின் வலப்பனைப் பகுதியிலே நெல்வரி கட்டமாட்டாத உழவர்களின் நிலங்கள் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பட்டினியால் மாண்டனர். அங்கு அலுவல் பார்த்த லெ மெசூரியர் என்னும் ஆங்கில அதிகாரியே இதனை வெளிப்படுத்தினார். பெருங்கிளர்ச்சியின் பின், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892ஆம் ஆண்டு நெல்வரி ஒழிக்கப்பட்டது.

நெல்லையே வாழ்வாகக் கொண்ட வன்னிக்கு இது பெரும் ஆறுதல். ஆயின் நிலத்திலிருந்து வரியை எடுத்த அரசு அதனைப் பண்டத்தின்மீது வைத்தது. உப்பு அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. இறக்குமதிப் பண்டங்கள்மீது சுங்கம் இருந்தது. சாராய விற்பனையும் கள்ளு விற்பனையும் குத்தகைக்கு விடப்பட்டன. 1905ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்துக் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது. இரணைமடுக்குளம் 1920ஆம் ஆண்டளவிற் கட்டி முடிக்கப்பட்டது. அதன்கீழே குடியேற்றங்கள் பெருகின. நெல்லை விற்றுப் பணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டு சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், துணி ஆகியவற்றை வாங்கும் வாழ்வு வேரூன்றியது. இத்தகைய வாழ்வு தோன்றியபின்னரே விற்பனைமீது வரி கொள்ளுதல் அரசுக்கு இயல்வதாயிற்று.

புரள்வு வரியின் வரவு

இலங்கையில் வணிகப் புரள்வு வரி 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்டது. பின்னர் 1981ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கப் புரள்வு வரிச் சட்டம் அதற்குப் புதிய வடிவம் கொடுத்தது. புரள்வு என்பது வணிகன் ஒரு காலப்பகுதியில் விற்ற பொருள்களின் மொத்தப் பெறுமதி. அவனுக்கு இலாபம் வந்ததா, நட்டம் வந்ததா என்பதை அவ்வரி கேளாது. விற்ற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்பதே அதன் கணக்கு.

இவ்வரியில் உள்ள குறை ஓர் எடுத்துக்காட்டினால் விளங்கும். கணக்கின் பொருட்டு வரி நூற்றுக்கு 2 எனக் கொள்க. ஆலைக்காரன் 5,000 ரூபா பெறுமதியான சரக்கை 100 ரூபா வரி சேர்த்து 5,100 ரூபாவுக்கு மொத்த வணிகனுக்கு விற்கின்றான். மொத்த வணிகன் தன் செலவுக்கும் ஊதியத்துக்கும் 1,000 ரூபா கூட்ட, விலை 6,100 ஆகும். அதன்மீது வரி 122. அவன் விற்கும் விலை 6,222 ரூபா. சில்லறை வணிகன் 420 ரூபா கூட்ட, 6,642 ஆகும். வரி 132 ரூபா 84 சதம். வாங்குவோன் கொடுப்பது 6,774 ரூபா 84 சதம். மூவருடைய உழைப்பின் பெறுமதி 5,000, 1,000, 420 ஆகிய மூன்றும் சேர்ந்து 6,420 ரூபாவே. அதன்மேல் ஏறிய வரி 354 ரூபா 84 சதம். அஃதாவது நூற்றுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். சட்டத்திலே எழுதப்பட்டது இரண்டு. வாங்குவோன் சுமந்தது ஐந்தரை. வரியின்மீதே வரி ஏறியமையால் வந்த விளைவு இது. பண்டம் எத்தனை கை மாறுகின்றதோ அத்தனைக்குச் சுமையும் கூடும். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கும், வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கும், அங்கிருந்து உட்கிராமத்துக்கும் பல கை மாறிச் செல்லும் சரக்குக்கு இம்முறை பெருந்தீங்காகும்.

நெல்வயலுள் யானை தானே புகுந்தால் அதன் வாயிற் செல்வதினும் காலால் மிதிபட்டழிவது மிகுதி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுறுத்தியது வன்னி உழவர்க்கு விளக்கம் வேண்டாத உவமை. புரள்வு வரியில் அரசின் வாய்க்குட் செல்வது ஒன்று. வழியெங்கும் விலையை உயர்த்தி மிதிப்பது மற்றொன்று.

மாகாணத்தின் உரிமை

1987ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் இந்திய இலங்கை உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு நவம்பரிலே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சட்டமாகியது. அதன் ஒன்பதாம் அட்டவணையிலுள்ள மாகாண சபை நிரலிலே, மாகாணங்கள் விதித்துக் கொள்ளத்தக்க வரிகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் முதலிலே நிற்பது மொத்த விற்பனைமீதும் சில்லறை விற்பனைமீதுமான புரள்வு வரியாகும். பாராளுமன்றம் வகுக்கும் எல்லைகளுக்கும் விலக்குகளுக்கும் உட்பட்டு அதனை விதிக்கலாம். மதுபான உத்தரவுக் கட்டணம், மோட்டார் வாகன உத்தரவுக் கட்டணம், காணி கைமாற்றத்தின் முத்திரை வரி, நீதிமன்றக் குற்றப்பணம் முதலியன அதன்பின் வருகின்றன. ஏனையவை சிற்றாறுகளாயின் புரள்வு வரியே பேராறு. கடை உள்ள இடமெல்லாம் அது சுரக்கும்.

1988ஆம் ஆண்டு நவம்பரிலே வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துடன் அச்சபையின் செயற்பாடு முடிவுற்றது. அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகளாக வன்னி மக்களுக்குத் தாம் தெரிந்தெடுத்த மாகாண சபை இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு ஒக்டோபரிலே உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது; 2007ஆம் ஆண்டு தொடக்கம் வடக்கும் கிழக்கும் தனித்தனி மாகாணங்களாயின.

போர்க்காலத்தின் இரட்டைச் சுமை

இவ்விடைக்காலத்திலே வன்னியின் கொள்பொருள்மீது ஏறிய சுமை தனியே நோக்கற்பாலது. 1991ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் தேசிய பாதுகாப்பு வரி என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பண்டங்கள்மீது கொள்ளப்பட்ட அவ்வரி 2002ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை நாட்டின் எப்பகுதிக்குச் சென்ற சரக்கின் விலையிலும் கலந்திருந்தது. அதே காலத்தில் மண்ணெண்ணெய், சீமெந்து, யூரியா, மின்கலம் முதலிய பல பொருள்கள் வன்னிக்குட் செல்வது தடுக்கப்பட்டும் கட்டுப்படுத்தப்பட்டும் இருந்தது. அருமைப்பட்ட பொருளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அவ்வுயர்வு எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வரியாகும்.

2002ஆம் ஆண்டுப் பெப்பிரவரியிலே போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகியது. அவ்வாண்டு ஏப்பிரலில் ஏ-9 வீதி பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தென்னிலங்கையிலிருந்து வந்த சரக்குகள் ஓமந்தைக்கு வடக்கே தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியினுள் நுழைந்ததும், அவர்களால் அவற்றின்மீது வரி தண்டப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் சரக்கும் அவ்வழியே செல்ல வேண்டியிருந்தமையால் குடாநாட்டு மக்களும் அவ்வரியின் பாரத்தைச் சுமந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் இலங்கை அரசின் பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்தது. கொழும்பிலே வாங்கும்போது ஒரு வரி. எல்லை கடக்கும்போது இன்னொரு வரி. இரண்டையும் தத்தம் விலையிலே சேர்த்தே வணிகர் விற்றனர். போரிட்ட இரு தரப்பினர்க்கும் பொருள் கொடுத்தவள், இரண்டையும் அறியாது, அங்காடியிலே சீனியும் சவர்க்காரமும் வாங்கிய குடும்பப் பெண்ணேயாவள்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டிலே வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிவுற்றது. வன்னியின் ஊர்கள் வெறுமையாயின, கடைகள் இல்லை, கொள்வோரும் இல்லை. இடம்பெயர்ந்தோர் மெல்ல மெல்ல மீளக் குடியேறினர்.

உரிமை வருமுன் வரி போயிற்று

மீள்குடியேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேதான் நாட்டின் வரிமுறையில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 2011ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் தொடக்கம் மாகாணப் புரள்வு வரி கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக, மத்திய அரசு தண்டிய தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியின் வருவாயில் மூன்றிலொரு பங்கு மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. முத்திரை வரி முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 70 பங்கும் அவ்வாறே மாகாணங்களுக்கு அளிக்கப்பட்டன.

2013ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றது. வாக்களித்த வன்னி மக்கள் தம் சபையைத் தெரிவு செய்தபோது, அச்சபைக்கென நிரலிலே முதலாவதாக எழுதப்பட்டிருந்த வரி வழக்கொழிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அரசியலமைப்பின் எழுத்திலே அவ்வுரிமை அழிக்கப்படவில்லை. நடைமுறையிலோ அது இல்லை. ஈடாகக் கிடைத்த பங்கும் நிலைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியே நீக்கப்பட்டது. அதற்கு ஓராண்டின் முன், 2018ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, வட மாகாண சபையின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது.

புரள்வு வரியைக் கைவிட்டோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வரிமேல் வரி ஏறும் தீங்கு முன்னர்க் காட்டப்பட்டது. அன்றியும், பெருவணிக நிலையங்கள் தலைநகரிலே குவிந்திருந்தமையால் மாகாணப் புரள்வு வரியின் பெரும்பகுதி மேல் மாகாணத்துக்கே சென்றது. புதுக்குடியிருப்பிலே செலவாகும் சவர்க்காரத்தின் மொத்த விற்பனை வரி கொழும்பிலே தண்டப்பட்டது. ஆகவே வறிய மாகாணங்களுக்கு அவ்வரி ஏட்டிலே தோன்றிய அளவு பயன் தரவில்லை. எனினும் ஒரு குறையுள்ள உரிமையைத் திருத்துதல் வேறு. அதனை எடுத்துவிட்டு, நிலையில்லாத ஒரு பங்கை அதனிடத்திலே வைத்தல் வேறு.

பெறுமதி சேர் வரியின் கணக்கு

புரள்வு வரியின் குறையை நீக்கும் வழியை 1954ஆம் ஆண்டிலே பிரான்சு நாடு கண்டது. மொறிஸ் லோறே என்னும் வரி அதிகாரி வகுத்த அம்முறையில், ஒவ்வொரு வணிகனும் தான் விற்றபோது பெற்ற வரியிலிருந்து, தான் வாங்கியபோது கொடுத்த வரியைக் கழித்து எஞ்சியதையே அரசுக்குச் செலுத்துகின்றான். இலங்கையில் மத்திய அரசின் புரள்வு வரிக்குப் பதிலாக 1998ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் வந்த பொருள்கள் சேவைகள் வரியும், அதன் பின்வந்த பெறுமதி சேர் வரியும் இம்முறையைத் தழுவியன.

முன்னைய எடுத்துக்காட்டையே மீண்டும் கொள்க. வரி நூற்றுக்கு 18. ஆலைக்காரன் 5,000 ரூபாச் சரக்கை 900 ரூபா வரியுடன் 5,900 ரூபாவுக்கு விற்கின்றான். பதிவுபெற்ற வவுனியா மொத்த வணிகன் அதனை 6,000 ரூபா எனக் கணித்து 1,080 ரூபா வரி சேர்த்து 7,080 ரூபாவுக்கு விற்கின்றான். அவன் அரசுக்குக் கட்டுவது 1,080 அன்று. முன் கொடுத்த 900 போக எஞ்சிய 180 ரூபாவே. அது அவன் சேர்த்த 1,000 ரூபாப் பெறுமதிக்குரிய வரியாகும். எத்தனை கை மாறினும் வரிமேல் வரி ஏறாது.

ஆயின் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலே வன்னியின் சிறு கடைக்காரன் நிற்கின்றான். 2024ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் முதல், ஆண்டுக்கு ஆறு கோடி ரூபாவுக்கு மேற்பட்ட புரள்வுடையோரே பதிவுசெய்யக் கடமைப்பட்டனர். கிராமத்துக் கடைக்காரன் அவ்வெல்லையை அடையான். பதிவில்லாதவன் வரி அறவிடலாகாது; தான் கொடுத்த வரியைக் கழித்துப் பெறவும் இயலாது. அவன் 7,080 ரூபாவுக்கு வாங்கிய சரக்கில் 420 ரூபா ஊதியம் வைத்து 7,500 ரூபாவுக்கு விற்பான். அவன் கொடுக்கும் பற்றுச்சீட்டிலே வரி என ஒரு சொல்லும் இராது. ஆயினும் அந்த 7,500 ரூபாவுள் 1,080 ரூபா வரியாகும். அஃதாவது நூற்றுக்கு 14 ரூபா 40 சதம். ‘எங்கள் ஊர்க் கடையிலே வரி இல்லை’ என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இக்கணக்குக் காட்டும்.

பதிவுபெற்ற பெருங்கடைகளிலே வரி உட்பட்ட விலை ஒன்றே குறிக்கப்படும். அதனுள் வரியைப் பிரித்தறிவது எவ்வாறு? 2,360 ரூபா கொடுத்து ஒரு பொருள் வாங்கியவன், அதில் நூற்றுக்கு 18 எனக் கணித்து 424 ரூபா 80 சதம் வரியென்பானாயின் அது தவறு. வரி கணிக்கப்பட்டது 2,360இன்மீதன்று. வரிக்கு முன்னைய விலையின்மீதாகும். 100 ரூபாப் பொருள் வரியுடன் 118 ஆகின்றமையால், கொடுத்த தொகையை 118ஆல் வகுத்து 18ஆற் பெருக்கல் வேண்டும். சுருக்கமாக, 59இல் 9 பங்கு. அவ்வாறு கணிக்க, வரி 360 ரூபா. பொருளின் விலை 2,000 ரூபா.

வரிவீதம் மாறிய வரலாறும் அறியத்தக்கது. 2016ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் நூற்றுக்கு 15; 2019ஆம் ஆண்டு திசம்பர் 1 முதல் 8; 2022ஆம் ஆண்டு யூன் 1 முதல் 12; அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் 15; 2024ஆம் ஆண்டு சனவரி 1 முதல் 18. அடக்கவிலை 2,000 ரூபாவாகவே நின்றதெனக் கொண்டால், அப்பொருளின் விலை முறையே 2,300, 2,160, 2,240, 2,300, 2,360 ரூபா ஆகும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வரி 15இலிருந்து 18 ஆகும்போது விலை நூற்றுக்கு மூன்று உயர்தல் வேண்டும் எனப் பலர் கருதுவர். 2,300 ரூபாவின்மீது 60 ரூபாவே கூடுகின்றது. அது நூற்றுக்கு 2 ரூபா 61 சதமளவே. வரி கூடியதென்று காரணங்காட்டி நூற்றுக்கு மூன்று உயர்த்தி 2,369 ரூபா கேட்கும் வணிகன், வரியின் பெயரால் ஒன்பது ரூபாவைத் தனக்கெனக் கொள்கின்றான்.

பெறுமதி சேர் வரியுடன் 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் நாள் முதல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் சேர்ந்தது. அதன் வீதம் நூற்றுக்கு இரண்டரை. மொத்த விற்பனையாளர்க்கும் சில்லறை விற்பனையாளர்க்கும் புரள்வின் பாதியின்மீதே அது கணிக்கப்படுமாறு வகுக்கப்பட்டது. ஆகவே ஓர் இலட்சம் ரூபாப் புரள்வுக்கு 50,000 ரூபாவில் நூற்றுக்கு இரண்டரை, அஃதாவது 1,250 ரூபா வரி. வாங்கியபோது கொடுத்ததைக் கழிக்கும் வழி இதில் இல்லை. பெயர் புதிதாயினும் இயல்பு பழைய புரள்வு வரியினதே.

உழவனுக்கும் இதிற் பங்குண்டு. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் டீசலும் பெறுமதி சேர் வரிக்கு உட்பட்டது. உழவு இயந்திரத்துக்கு டீசல் வாங்கும் கமக்காரன் பதிவுபெற்ற வணிகன் அல்லன். தான் கொடுத்த வரியை எவரிடமிருந்தும் கழித்துப் பெறான். 1892ஆம் ஆண்டிலே தலைவாசலால் வெளியேறிய நெல்வரி, பெயர் மாறிக் கொல்லைவாசலால் உள்ளே வந்திருக்கின்றது. வேறுபாடு யாதெனில், முன்னது வந்தபோது உழவன் அதனைக் கண்டான். பின்னதை அவன் காண்பதில்லை.

அயல்நாட்டு ஒப்புமை

வன்னிக்கு அயலே உள்ள தமிழ்நாட்டின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் விற்பனை வரியை மாகாணங்களுக்கு அளித்தது. சென்னை மாகாணத்திலே இராசகோபாலாச்சாரியார் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது சாராய வருவாய் குன்றியது. அவ்விழப்பை ஈடுசெய்தற்கு 1939ஆம் ஆண்டிலே பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அவ்வரியே அம்மாநிலத்தின் தலையாய வருவாயாக வளர்ந்தது. 2017ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் இந்தியா முழுவதும் ஒரே பொருள்கள் சேவைகள் வரி ஏற்பட்டபோது, மாநிலங்களும் தம் தனி விற்பனை வரிகளை விட்டுக்கொடுத்தன. ஆயின் அங்கே இரண்டு காவல்கள் வைக்கப்பட்டன. மாநிலத்துள் நிகழும் விற்பனையின் வரி மத்தியுக்கும் மாநிலத்துக்கும் சமமாகப் பகிரப்படும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பண்டத்தின் வரியில் மாநிலப் பங்கு, அப்பண்டம் செலவாகும் மாநிலத்தையே சேரும். எங்கே மக்கள் வாங்கி நுகர்கின்றனரோ அங்கே வரியின் பங்கு திரும்புதல் வேண்டும் என்பதே அதன் நெறி.

இலங்கையிலே இந்நெறி இடம்பெறவில்லை. பெறுமதி சேர் வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தாலும் துறைமுகங்களிலே சுங்கத்தாலும் தண்டப்பட்டு மத்திய திறைசேரியைச் சேர்கின்றது. முல்லைத்தீவிலே வாங்கப்பட்ட பொருளின் வரி எவ்வளவு என ஒருவரும் தனியே கணக்கிடுவதில்லை. நிதி ஆணைக்குழுவின் விதப்புரையின்படி மாகாணத்துக்கு ஒதுக்கப்படும் பணம் ‘நன்கொடை’ என்னும் பெயரால் வருகின்றது. தான் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியே தன் ஊர்ப் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வீதிக்கும் திரும்புகின்றது என்பதை அறியாதவன், அதனைப் பிறர் இட்ட கொடையென்றே எண்ணுவான். கொடை பெறுவோன் குறை கூறத் தயங்குவான். வரி கொடுத்தோன் கணக்குக் கேட்பான்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் போதருவன மூன்று. வன்னியிலே வரி யானையிலிருந்து நெல்லுக்கும், நெல்லிலிருந்து கொள்பொருளுக்கும் இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் அது கண்ணுக்கு மறைந்துகொண்டே வந்தது. கணக்கு முறையளவில் பெறுமதி சேர் வரி புரள்வு வரியினுஞ் சிறந்ததேயாயினும், அதனால் மாகாணத்தின் சொந்த வருவாய் சுருங்கிற்று. வரியற்ற கடை என ஒன்று இல்லை. பற்றுச்சீட்டிலே எழுதப்படாத வரியும் வரியே.

பள்ளியிலே நூற்றுவீதக் கணக்கைக் கற்கும் மாணவன் வட்டியையும் இலாப நட்டத்தையும் மட்டும் கணித்து அமையலாகாது. தன் இல்லத்துக்கு வாங்கிய பொருள்களின் பற்றுச்சீட்டுகளை ஒரு மாதம் சேர்த்து, அவற்றுள் 59இல் 9 பங்கைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பெருங்கடைச் சீட்டிலே அது செவ்வையாகப் பொருந்தும். சிறுகடைச் சீட்டிலே உண்மைக்கு அண்ணளவாக நிற்கும். அரிசி போன்ற விலக்குப் பொருள்களை மட்டும் அவன் முன்னரே நீக்கிவிடல் வேண்டும். அவ்வாறு கண்ட தொகை அவன் குடும்பம் அரசுக்குக் கொடுத்தது. அது எத்துணை எனத் தெரிந்த குடும்பமே, தன் ஊருக்குத் திரும்பியது எத்துணை என வினவும் தகுதியும் துணிவும் உடையதாகும்.